முப்பத்தொன்றாம் நகர்வு: சுண்ணாம்புக்கல் பாறைத் தடம் ஒன்றில் நேர்ந்த தொடர் வீழ்ச்சிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு பாறைத் தடத்தைக் கீழிருந்து மேல்வரை ஒரே மூச்சில் ஏறி முடிக்க ஒருவர் பதினைந்து முறை முயன்றார். அவற்றுள் பத்து முறை ஒரே இடத்தில், ஒரே பிடியை எட்டும்போது விழுந்தார். குறை அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார். கீழே நின்று கயிறு பிடித்த நானும் நம்பினேன். எங்கள் கணிப்பு தவறு என்று தெரிய ஆறு நாள் உழைப்பும், ஒரு விரற்காயமும், ஒரு கைப்பேசிப் பதிவும் தேவைப்பட்டன. ஐந்து வாரங்களில் பரவியிருந்த அந்தப் பன்னிரண்டு நாட்களின் குறிப்பேட்டிலிருந்து இந்த ஆய்வை எழுதுகிறேன்.

ஏறியவருக்கு முப்பத்திரண்டு வயது. ஒன்பது ஆண்டுகளாகப் பாறையேறுகிறார். அதுவரை அவர் முடித்திருந்த கடினமான தடம் பிரெஞ்சுத் தரவரிசையில் 7சி பிளஸ். இந்தத் தடத்தின் தரம் 8ஏ, அதாவது அடுத்த படி. நான் அவரைவிடப் பன்னிரண்டு கிலோ எடை கூடியவன். இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

தடம்

உயரம் 28 மீட்டர், 11 போல்ட்டுகள், அதாவது கயிற்றைத் தாங்கப் பாறையில் நிலையாகப் பதித்த உலோக ஆணிகள், உச்சியில் இறங்குவதற்கான சங்கிலி. பாறை வடக்கு நோக்கியது. முதல் பத்து மீட்டர் ஆழமான துளைகள் நிறைந்த, சற்றே வெளிச்சாய்ந்த சுவர்; அங்கு யாரும் திணறுவதில்லை. நான்காம் போல்ட்டுக்கு மேல் சாய்வு கூடுகிறது. பதினாறாம் மீட்டர் அளவில் இரண்டு டூஃபாக்கள், அதாவது சுவரிலிருந்து துருத்திக்கொண்டு இறங்கும் கல்விழுதுகள், அருகருகே நிற்கின்றன. அவற்றுக்கிடையே முழங்காலைச் செருகிப் பூட்டினால் ஒரு கையை முழுவதும் விட்டுவிட்டு ஓய்வெடுக்கலாம். ஆறாம் போல்ட் இந்த ஓய்விடத்தில் இருக்கிறது. அதற்கு மேலே பாறை வயிறு போலப் புடைத்து நிற்கிறது. தடத்தின் கடினம் அங்கேதான். புடைப்பைத் தாண்டியபின் எட்டு மீட்டர் செங்குத்துச் சுவர், சிறிய ஆனால் நாணயமான பிடிகளோடு சங்கிலி வரை செல்கிறது.

சுண்ணாம்புக்கல்லைப் பற்றி இங்கே ஒரு சொல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது இந்தப் பாறையின் கனிமமான கால்சைட்டைக் கரைத்து, விரல்கள் நுழையும் துளைகளை உண்டாக்குகிறது. அதே நீர் பாறையின் முகத்துக்கு வந்து, வாயுவை இழக்கும்போது, கரைத்து எடுத்துவந்த கால்சைட்டைத் திரும்பப் படியவிடுகிறது. டூஃபா அப்படித்தான் வளர்கிறது. எனவே ஒரு தடத்தில் பிடிகளைச் செதுக்கியதும் ஓய்விடத்தைக் கட்டியதும் ஒரே நீர்தான். மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சைட் வெறும் 3. மணல்துகள் ஒட்டிய காலணிகள் ஆண்டுக்கணக்கில் மிதித்தால் அது சோப்புக்கட்டி போல வழுவழுப்பாகிவிடும். கைவியர்வையை உறிஞ்சப் பூசிக்கொள்ளும் சாக் பொடி பிடியில் படிந்தால், அதைத் துடைக்க நைலான் அல்லது பன்றிமயிர்த் தூரிகையைத்தான் பயன்படுத்த வேண்டும். கம்பித் தூரிகை அந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும்.

ஏறி முடித்ததாகக் கொள்வதற்கான விதி, விளையாட்டுப் பாறையேற்றத்தில் எங்கும் உள்ள அதே ரெட்பாயின்ட் விதி. கீழிருந்து கயிற்றை ஒவ்வொரு போல்ட்டிலும் தானே மாட்டிக்கொண்டு, எங்கும் விழாமல், எங்கும் கயிற்றில் தொங்காமல் சங்கிலியை அடைய வேண்டும். 1975இல் ஜெர்மனியின் ஃபிராங்கன்யூராப் பாறைகளில் குர்ட் ஆல்பெர்ட், அவ்வாறு ஏறி முடித்த தடங்களின் அடியில் சிவப்புப் புள்ளி வைத்ததிலிருந்து வந்த பெயர் அது. ஒத்திகை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்; ஏறி முடிப்பது மட்டும் முழுமையாக இருக்க வேண்டும்.

முதல் ஆறு நாட்கள்

முதல் இரண்டு நாட்கள் போல்ட்டுக்குப் போல்ட் தொங்கி நகர்வுகளைக் கண்டுபிடிப்பதில் கழிந்தன. தரையிலிருந்து சங்கிலி வரை நாற்பத்தாறு கைநகர்வுகள் என்று எண்ணி வைத்தோம். இந்த ஆய்வின் பொருளான முப்பத்தொன்றாம் நகர்வு இது: வலக்கை ஒரு நிமிர்ந்த பக்கவிளிம்பைப் பற்றியிருக்கும், விளிம்பின் தடிமன் பாதி விரற்கணு, வலக்கால் பளபளத்த ஒரு மிதியில், இடக்கை மேலே சாய்ந்து கிடக்கும் துளை ஒன்றுக்குத் தாவ வேண்டும். துளையில் நடுவிரலும் மோதிரவிரலும் மட்டுமே நுழையும். சரியாக நுழைந்தால் நிற்கும். ஓரத்தில் பட்டால் நிற்காது.

மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை பதினொரு முயற்சிகள் நடந்தன. அவற்றுள் ஒன்பது, முப்பத்தொன்றில் முடிந்தன. மற்ற இரண்டும் கீழே, கவனக்குறைவால். ஐந்தாம் நாளில் முயற்சியே நடக்கவில்லை. குளிர்ந்த இரவுகளுக்குப்பின் வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்திருந்ததால் பாறை வியர்த்திருந்தது. மழை பெய்யாத நாளிலும் குளிர்ந்த கல்லின்மேல் காற்றின் ஈரம் படிந்துவிடும். துளைக்குள் விரலை விட்டால் ஈரமாவு போல வரும்.

விழுந்தபின் அவர் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: “துளைக்குள் விரல் போகிறது, ஆனால் மூட முடியவில்லை.” இதைக் கேட்டு நான் கொடுத்த ஆலோசனை இந்த நிகழ்வின் மிகப்பெரிய பிழை. விரல்களில் வலு போதாது என்று முடிவுசெய்து, இடைப்பட்ட நாட்களில் இருவிரல் தொங்கல் பயிற்சியும் கேம்பஸ் பலகைப் பயிற்சியும் செய்யச் சொன்னேன்.

என் எண்ணத்தில் இருந்தது ஒரு புகழ்பெற்ற முன்னுதாரணம். வுல்ஃப்காங் க்யூல்லிக் 1988இல் நியூரம்பெர்க்கின் கேம்பஸ் உடற்பயிற்சிக்கூடத்தில், கால்களைத் தொங்கவிட்டு மரப்படிகளில் கைகளால் மட்டும் தாவும் பயிற்சிப் பலகையை உருவாக்கினார். பலகையின் பெயர் அந்தக் கூடத்திலிருந்து வந்தது. அந்தப் பயிற்சியின் பலத்தில், 1991 செப்டம்பர் 14 அன்று ஃபிராங்கன்யூராவின் வால்ட்காஃப் பாறையில் ‘ஆக்ஷன் டிரெக்ட்’ தடத்தை ஏறி முடித்தார். ஒருவிரல், இருவிரல் துளைகளால் ஆன அந்தச் சுண்ணாம்புக்கல் தடம் பின்னாளில் 9ஏ என்ற தரத்துக்கே அளவுகோல் ஆயிற்று. ஆனால் அங்கிருந்த சிக்கலின் தன்மை வேறு. அத்தடத்தின் நகர்வுகளைத் தனித்தனியாகச் செய்வதற்கே, அதுவரை எவரிடமும் இல்லாத விரல்வலு வேண்டியிருந்தது. எங்கள் நிலை அப்படியன்று. ஏழாம் போல்ட்டில் தொங்கி ஓய்வெடுத்துவிட்டு முப்பத்தொன்றாம் நகர்வை மட்டும் செய்தபோது, பத்தில் எட்டு முறை அவர் துளையைப் பிடித்தார். இந்த எண் இரண்டாம் நாளிலேயே என் குறிப்பேட்டில் இருந்தது. அதைப் படித்துப் பொருள் கொள்ளாதது என் குற்றம்.

ஆலோசனையின் விளைவு மோதிரவிரலின் அடிக்கணுவில் வலி. விரல்மடக்கும் தசைநாணை எலும்போடு அணைத்துப் பிடிக்கும் வளையப் பட்டைகளில் ஏ2 எனப்படும் பட்டை அங்கே இருக்கிறது. பாறையேறுபவர்களுக்கு அடிக்கடி அடிபடுவதும், பெரும்பாலும் மோதிரவிரலில் அடிபடுவதும் அதுவே. நல்லவேளையாகக் கிழிசல் இல்லை. வீக்கமும் ‘டப்’ என்ற ஓசையும் இல்லை. ஆறு நாட்கள் ஏறாமல் இருந்தார். அந்த ஆறு நாட்களில்தான், வேறு வேலை இல்லாததால், நாங்கள் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினோம்.

மாட்டும் கை

ஆறாம் நாளின் நான்கு முயற்சிகளையும் எதிரே உள்ள மேட்டில் கைப்பேசியை நிறுத்திப் பதிவு செய்திருந்தேன். விழும் கணத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஓய்விடத்தை விட்டுப் புறப்படுவது முதல் விழுவது வரையிலான நேரத்தை நொடிக்கணக்கில் எழுதினோம். 46, 43, 44, 45. எட்டே நகர்வுகளுக்கு இவ்வளவு நேரம். அதில் ஒன்பது நொடிகள் ஒரே செயலுக்குச் சென்றிருந்தன: ஏழாம் போல்ட்டின் குயிக்டிராவில், அதாவது இரு முனையிலும் கேரபினர் என்ற திறந்து மூடும் கொக்கி உள்ள குட்டை வார்ப்பட்டையில், கயிற்றை மாட்டுவது.

அந்த ஒன்பது நொடிகளை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தது இந்த நிகழ்வின் திருப்பம் என்று சொல்லலாம். இருபத்தாறாம் நகர்வின் முடிவில் இடக்கை ஒரு மெல்லிய விளிம்பில் இருக்கிறது. அது தடத்தின் மிக மோசமான பிடிகளுள் ஒன்று. குயிக்டிரா தலைக்கு மேலே, கை முழுவதும் நீண்டால்தான் எட்டும் தொலைவில் தொங்குகிறது. வலக்கை கீழே வந்து கயிற்றை எடுக்கிறது, ஒரு முழம் இழுத்துப் பல்லில் கவ்வுகிறது, மீண்டும் கீழே வந்து இன்னொரு முழம் இழுக்கிறது, மேலே போகிறது, கேரபினரின் நாக்கில் கயிறு ஒருமுறை வழுக்குகிறது, பிறகு மாட்டுகிறது. இத்தனை நேரமும் இடக்கையின் விரல்கள் முழுப்பலத்தோடு மடங்கி இறுகியிருக்கின்றன. அவ்வளவு இறுகிய தசைக்குள் ரத்தம் செல்ல வழியில்லை. ஓய்விடத்தில் மீட்ட வலுவை முன்னங்கை அங்கேயே செலவழித்துவிடுகிறது. ஐந்து நகர்வுகளுக்குப்பின் இருவிரல் துளையைத் தாவிப் பிடிக்க வேண்டியதும் அதே இடக்கைதான். விரல் போகிறது, ஆனால் மூட முடியவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஏன் அங்கிருந்து மாட்டுகிறீர்கள் என்று கேட்டேன். “அதற்கு மேல் போனால் விழுச்சி பெரிதாகிவிடுமே” என்றார். பாறையேறுபவர்களில் பெரும்பாலோர் சொல்லும் பதில் இது. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்கவில்லை.

ஆறாம் போல்ட்டுக்கும் ஏழாம் போல்ட்டுக்கும் இடையே 2 மீட்டர். தலைக்கு மேலே கைநீட்டி மாட்டும்போது, இடுப்பில் கயிறு கட்டிய முடிச்சு ஏழாம் குயிக்டிராவுக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் கீழே, அதாவது ஆறாம் போல்ட்டுக்கு 0.8 மீட்டர் மேலே இருக்கிறது. மாட்டுவதற்காக இழுத்த கயிறு, ஆறாம் போல்ட்டிலிருந்து ஏழுக்குப் போய் அங்கிருந்து இடுப்புக்குத் திரும்பிவரும் அளவு, அதாவது 3.2 மீட்டர். அந்தக் கணத்தில் கை நழுவினால், ஆறாம் போல்ட்டுக்கு 0.8 மீட்டர் மேலிருந்து 3.2 மீட்டர் கீழ்வரை, மொத்தம் 4 மீட்டர் விழுவார். இரண்டு நகர்வுகள் மேலே சென்று, குயிக்டிரா இடுப்புக்கு நேராக வந்தபின் மாட்டினால், இழுக்க வேண்டிய கூடுதல் கயிறு அநேகமாக இல்லை. மாட்டுவதற்குச் சற்றுமுன் விழுந்தால், 2 மீட்டர் மேலிருந்து 2 மீட்டர் கீழ்வரை. அதுவும் மொத்தம் 4 மீட்டர். கயிற்றின் நீட்சியைச் சேர்க்காமல் பார்த்தால் இரண்டு விழுச்சிகளும் ஒரே நீளம். வேறுபாடு நிற்கும் இடத்தில்தான்: தலைக்கு மேலே மாட்டப்போய் விழுந்தவர் 1.2 மீட்டர் கூடுதலாகக் கீழே போய் நிற்பார். முதல் இரண்டு, மூன்று போல்ட்டுகளில் இந்த 1.2 மீட்டர் தரையைத் தொடுவதற்கும் தொடாததற்கும் உள்ள வேறுபாடாகலாம். பயத்தால் சீக்கிரம் மாட்ட முனைவது பாதுகாப்பைக் கூட்டவில்லை. மோசமான பிடியில் அதைச் செய்வதால் விழும் வாய்ப்பைத்தான் கூட்டியது.

வேறு ஒரு வழியையும் சோதித்தோம். ஏழாம் போல்ட்டில் நீளமான வார்ப்பட்டை கோத்த குயிக்டிராவைத் தொங்கவிட்டால் கீழிருந்தே எளிதாக மாட்டலாம் என்று தோன்றியது. புடைப்பில் அது சுவரைத் தொடாமல் காற்றில் ஆடியது; கை அதைத் துரத்த வேண்டியிருந்தது. கைவிட்டோம்.

ஏழாம் நாளில் அவர் புடைப்பில் தொங்கி, இருபத்தெட்டாம் நகர்வின் வலக்கைப் பிடியை மறுபடி ஆராய்ந்தார். இரண்டாம் கணுவரை மூன்று விரல்கள் நுழையும், உள்நோக்கிக் குழிந்த துளை அது. புடைப்பிலேயே சிறந்த பிடி. அங்கே நின்றால் ஏழாம் குயிக்டிரா சரியாக இடுப்பருகே, இடக்கைப் பக்கம் தொங்குகிறது. கயிற்றை மாட்டும் கை இதனால் இடக்கை ஆயிற்று. ஒன்பது நொடி இறுகிக்கிடந்த கைக்குச் சிறு விடுதலையும் கிடைத்தது. இவ்வளவு நல்ல பிடியை ஆறு நாட்களாக அவர் இரண்டாவது பார்வை பார்க்காமல் கடந்து சென்றிருந்தார். கயிறு ஏற்கெனவே மாட்டப்பட்டிருந்ததால் அங்கே நிற்கத் தேவை ஏற்படவில்லை.

எட்டாம் நாள் முழுவதும் விழுந்து பழகுவதற்கு ஒதுக்கப்பட்டது. கணக்கு ஒப்புக்கொண்டதை உடல் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் முறை இருபத்தெட்டாம் பிடிக்குச் சென்றபோது அவர் கால் தையல் இயந்திரம்போல் நடுங்கியதைக் கீழிருந்தே பார்த்தேன். இங்கே என் எடை குறுக்கிட்டது. கனமானவர் அசையாமல் நின்று கயிற்றை நிறுத்தினால், விழுபவர் ஊசல்போலச் சுவரை நோக்கி வீசப்பட்டுக் கணுக்காலில் அடிபடுவார். ஆகவே கயிறு இறுகும் கணத்தில் நான் முன்னோக்கி ஒரு சிறு குதி குதித்து, இழுப்போடு மேலே எழ வேண்டும். சொல்ல எளிது, கணம் தவறினால் பயனில்லை. முதல் இரண்டு முறை பிந்திக் குதித்தேன், அவர் சுவரில் மோதினார். மூன்றாம் முறை முதல் சரியாயிற்று. ஆறு முறை வேண்டுமென்றே விழுந்தபின் கால்நடுக்கம் நின்றது.

ஒன்பதாம் நாள், இரண்டு முயற்சிகள். முதலில் மாட்டுவதில் இன்னும் தடுமாற்றம். முப்பத்தொன்றில் பத்தாவது வீழ்ச்சி. இரண்டாவதில் துளை நின்றது, முப்பத்து மூன்றாம் நகர்வின் பெரிய பிடியும் வந்தது. நான் கீழே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றில், தரப்படி 6சிக்கு மேல் போகாத சுவரில், எந்தப் பிடி இடக்கைக்கு, எந்தப் பிடி வலக்கைக்கு என்று தெரியாமல் அவர் திரும்பத் திரும்பக் கையை மாற்றி, அப்படியே விழுந்தார்.

இது எங்கள் இரண்டாவது பிழை. எளிது என்று சொல்லி அந்த எட்டு மீட்டரை இரண்டே முறை ஒத்திகை பார்த்திருந்தோம், அதுவும் ஓய்ந்த கைகளோடு. ஒரு தடத்தின் பகுதிகளைத் தனித்தனியாக முடிப்பதற்கும் இணைப்பதற்கும் உள்ள தொலைவுக்குச் சான்றாக, பிரான்சின் சியூஸ் சுண்ணாம்புக்கல் சுவரில் ஜான் கிறிஸ்டோஃப் லஃபாய் 1989இல் போல்ட் அடித்த ‘பயோகிராஃபி’ தடத்தைச் சொல்லலாம். 1996இல் ஆர்னோ பெத்தீ அதன் இடைச்சங்கிலி வரை ஏறினார். அதே தடத்தை உச்சிவரை இணைத்து முடிக்க, 2001 ஜூலை 18 அன்று கிறிஸ் ஷர்மா வரவேண்டியிருந்தது. அங்கே மேற்பகுதியும் கடினம். எங்களுக்கோ மேற்பகுதி எளிது, ஆகவே சாக்குப்போக்குக்கும் இடமில்லை.

பத்தாம் நாளில் மேலிருந்து கீழாகப் பழகினோம். முதலில் பத்தாம் போல்ட்டிலிருந்து சங்கிலி வரை, பிறகு எட்டிலிருந்து, பிறகு ஆறிலிருந்து. இவ்வாறு தொடக்கத்தை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கும்போது, தடத்தின் முடிவுப்பகுதி ஒவ்வொரு முறையும் கூடுதல் களைப்போடு ஒத்திகை பெறுகிறது. ஓய்விடத்தில் தங்கும் நேரத்தையும் மாற்றினோம். முன்பு, போதும் என்று தோன்றும்போது, சுமார் நாற்பது நொடிகளில் புறப்பட்டுவிடுவார். இப்போது இருபது நீண்ட மூச்சுகளை எண்ணிய பின்பே முழங்காலை விடுவிப்பது என்று வைத்துக்கொண்டார்.

பதினொன்றாம் நாள் காற்று உலர்ந்திருந்தது. முதல் முயற்சியில் மூன்றாம் போல்ட்டருகே வழுவழுப்பான மிதியில் கால் சறுக்கியது. நாற்பது நிமிடம் ஓய்வுக்குப்பின் இரண்டாவது முயற்சியில், இருபது மூச்சுகள், புடைப்பு, இருபத்தெட்டில் கேரபினரின் நாக்கு மூடும் ஒரே ஒரு ‘கிளிக்’, பிறகு இடக்கையின் தாவல். துளை நின்றது. மேற்சுவரில் அவர் நிதானமாகப் போனார், பார்க்கச் சலிப்பூட்டும் அளவுக்கு நிதானமாக. சங்கிலியில் கயிற்றை மாட்டினார், தடம் முடிந்தது. ஓய்விடம் முதல் முப்பத்தொன்று வரை 33 நொடிகள்.

ஆய்வாக எழுதும்போது ஒரு சிக்கலை ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டும் இடம், ஓய்வு நேரம், மேற்சுவர் ஒத்திகை, உலர்ந்த காற்று ஆகிய நான்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மாறியிருந்தன. வெற்றிக்கு எது காரணம் என்று அந்த ஒரு ஏற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதனால், மூன்று நாட்கள் ஓய்வுக்குப்பின், அதே போன்ற உலர்ந்த காற்றில், இருபது மூச்சு ஓய்வையும் விடாமல், ஏழாம் போல்ட்டைப் பழைய முறைப்படி தலைக்கு மேலே மாட்டி ஏறிப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன். முடித்துவிட்ட தடத்தில் விழுவதற்கென்றே ஏறச் சொல்கிறீர்களா என்று சிரித்தார், ஆனாலும் ஏறினார். இரண்டு முயற்சிகள். ஒன்று முப்பத்தொன்றில் விழுந்தது. மற்றொன்றில் துளைக்குள் இரு விரல்களும் சென்றன, ஒரு நொடி நின்றன, முப்பத்திரண்டுக்கு வலக்கை எழும்போது திறந்துகொண்டன. ஓய்விடத்திலிருந்து துளைவரை முதல் முயற்சிக்கு 43 நொடிகள், இரண்டாவதற்கு 42. இரண்டே முயற்சிகள் குறைந்த சான்றுதான். மூன்றாவதற்கு அவர் விரல்தோல் இடம் தரவில்லை. குயிக்டிராக்களைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டோம்.